தழும்புக்கு 60 நாள் போதாது

2023 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரர் கெண்டை மீன் வாங்கி வந்திருந்தார். அரிவாள்மனையில் உட்கார்ந்து துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். மீன் வழுக்கி, வலது கை அரிவாள் மேலேயே போய்விட்டது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேருகிற இடத்துக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரே வெட்டு. ரத்தத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு விரலை மடக்கிப் பார்த்தேன். நடுவிரல் பாதி மடங்கியது. ஆள்காட்டி விரல் நீட்டியது நீட்டியபடியே நின்றது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

நான் தையல்காரி. திருச்சி உறையூரில் வீட்டிலேயே 19 வருடமாக ரவிக்கை தைக்கிறேன். கத்தரிக்கோல் பிடிப்பதும், துணியை மிஷின் பாதத்துக்குள் தள்ளுவதும், ஊக்கு வைத்துத் தைப்பதும் இந்த இரண்டு விரலும் கட்டை விரலும்தான்.

அன்று இரவே ஆபரேஷன். தெருவில் எல்லோரும் ‘நரம்பு அறுந்துபோச்சாம்’ என்று பேசிக்கொண்டார்கள். அறுந்தது தசைநாண், தசையை எலும்போடு இணைக்கிற கயிறு. கட்டை விரல் தவிர மற்ற ஒவ்வொரு விரலையும் மடக்க முன்கையிலிருந்து இரண்டு தசைநாண்கள் வருகின்றன. விரலுக்குள் அவை ஓர் ஒடுக்கமான உறைக்குள் ஓடுகின்றன. எனக்கு ஆள்காட்டி விரலில் இரண்டும், நடுவிரலில் ஒன்றும் போயிருந்தன. நான் வெட்டிக்கொண்ட அந்த இடத்துக்கு ஸ்டெர்லிங் பன்னல் என்ற அமெரிக்க மருத்துவர் ‘யாருக்கும் சொந்தமில்லாத நிலம்’ என்று பெயர் வைத்திருந்தாராம். அங்கே தைத்தால் தழும்பு பிடித்துக்கொண்டு விரல் விறைத்துவிடும் என்பதால் அந்தக் காலத்தில் உடனே தைக்க மாட்டார்களாம். இப்போது தைக்கிறார்கள். ஆனால் தழும்பு பிடித்துக்கொள்வது மட்டும் மாறவில்லை.

“நான் தைச்சது பாதி வேலைதான்மா. மீதி பாதி பிசியோதெரபியில இருக்கு” என்று டாக்டர் சொன்னார். ஜூலை 11 டிஸ்சார்ஜ். ஐந்து லட்ச ரூபாய்க்குக் குடும்ப மருத்துவ இன்சூரன்ஸ் பாலிசி இருந்ததால் மருத்துவமனை பில் கேஷ்லெஸ்ஸில் முடிந்தது. டாக்டர் வாயால் சொன்ன அந்த மீதி பாதி, டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லை. ‘ஒரு வாரம் கழித்து வரவும்’ என்று மட்டும் இருந்தது. அதை அன்று நான் கவனிக்கவில்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான்.

முதலில் தழும்பைச் சொல்கிறேன்.

பாவாடை இடுப்புப் பட்டிக்குள் நாடா ஓடுகிறது இல்லையா, தசைநாண் அப்படித்தான். பட்டியை அடிக்கும்போது ஊசி தவறி நாடாவையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் என்ன ஆகும்? நாடாவை இழுத்தால் பட்டி முழுக்கச் சுருங்கும், நாடா நகராது. என் விரலுக்குள் அதுதான் நடந்தது. காயம் ஆற உடம்பு நார் பின்னுகிறது. எந்த அடுக்கு எது என்று அதற்குத் தெரியாது. தோல், அதன் கீழ்ப் படலம், உறை, தசைநாண் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பின்னிவிடுகிறது. ஆறு வாரம் கழித்து, கையைத் தாங்கிப் பிடித்திருந்த அச்சான ஸ்பிளின்ட்டைக் கழற்றியபோது என் கண்ணாலேயே பார்த்தேன். விரலை மடக்க முயன்றால் நுனி அசையவில்லை. தழும்பு இருந்த தோல்தான் உள்ளே குழிந்தது. சாட்டின் துணியில் ஒரு இழை சிக்கி இழுபட்டால் சுற்றி ஒரு சுருக்கம் விழுமே, அச்சு அசல் அதே மாதிரி.

ஸ்பிளின்ட் போட்டிருந்த ஆறு வாரமும் சும்மா இருக்கவில்லை. மணிக்கு ஒருமுறை இடது கையால் விரல்களை மெதுவாக மடக்கிவிட வேண்டும். தானாக மடக்கக் கூடாது. தைத்த தசைநாண் அந்தச் சமயத்தில் சுலபமாக அறுந்துவிடுமாம். மாமியார் பாசத்தோடு, “பக்கத்துத் தெருவுல ஒருத்தர் எண்ணெய் போட்டு நல்லா நீவி விடுவார், ஒரு தடவை காட்டலாம்” என்று இரண்டு மூன்று முறை சொன்னார். நான் போகவில்லை. கையால் செய்கிற சிகிச்சைதான் எனக்குக் கடைசியில் கைகொடுத்தது, உண்மைதான். ஆனால் எந்த வாரத்தில், எவ்வளவு அழுத்தத்தில் என்பது தெரிந்தவர் கை வேண்டும்.

ஆகஸ்ட் 21லிருந்து வாரம் மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி. பிசியோதெரபிஸ்ட் இருபத்தேழு வயதுப் பெண். அவள் தன் கட்டை விரலை என் தழும்பின் மேல் வைத்த முதல் நாள் எனக்கு மறக்காது. எண்ணெய் தொடவில்லை. “எண்ணெய் நிறைய போட்டா விரல் மேலாப்புல வழுக்கிட்டுப் போயிடும்க்கா. நமக்குத் தோல் நகரணும்” என்றாள். தன் நகம் லேசாக வெளுக்கிற அளவுக்கு அழுத்தி, தழும்புக்குக் குறுக்கே, பிறகு வட்டமாக, பிறகு மேலும் கீழும். தோலோடு சேர்த்து நகர்த்தினாள். ஐந்து நிமிஷம் ஆனதும் தழும்பைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கிள்ளித் தூக்கி, சப்பாத்தி மாவை உருட்டுவதுபோல் உருட்டப் பார்த்தாள். தூக்கவே வரவில்லை. அடியோடு ஒட்டிக் கிடந்தது.

அதற்கப்புறம் மெழுகு ஒத்தடம். பிறகு உடற்பயிற்சி: விரல்களை நேராக நீட்டு, கொக்கி மாதிரி மடக்கு, மேசை மாதிரி மடக்கு, முழு முஷ்டி பிடி. பிறகு நடு மூட்டை அவள் அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் நுனியை மட்டும் மடக்க முயல வேண்டும். முதல் பத்து நாள் என் மூளை ஆணையிடும், விரல் கேட்காது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அளவெடுப்பாள். முஷ்டி பிடித்தால் ஆள்காட்டி விரல் நுனிக்கும் உள்ளங்கை ரேகைக்கும் நடுவில் எத்தனை சென்டிமீட்டர்? ஆகஸ்ட் 21ல் 4.5. அளவெடுத்தே பிழைக்கிறவள் நான். அந்த எண்ணை என் ஆர்டர் நோட்டிலேயே, மார்புச் சுற்றளவு, கைநீளம் எழுதுகிற பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.

இன்னொரு தொல்லை, தொட்டாலே கூசியது. கூச்சம் என்றால் சாதாரணக் கூச்சம் இல்லை. போர்வை நுனி பட்டால்கூடத் தோள்வரை சுள்ளென்று இழுக்கும். அதற்கு விதவிதமான துணிகளால் தேய்த்துப் பழக்க வேண்டும் என்றாள். வேறு யாருக்காவது என்றால் துணி தேடி அலைந்திருப்பார்கள். என் வீட்டில் வெட்டுத்துணி மூட்டையே இருக்கிறது. மெல்லிய பட்டில் தொடங்கினேன். ஒரு வாரம் கழித்து வெல்வெட், அப்புறம் மல் துணி, அப்புறம் நெட், கடைசியாகக் காலரில் வைக்கிற கேன்வாஸ். ஒவ்வொன்றிலும் இரண்டு நிமிஷம். யாருடைய கல்யாணப் புடவையில் மிஞ்சிய பட்டு அது என்றுகூட எனக்கு நினைவிருந்தது. கேன்வாஸை முகம் சுளிக்காமல் தேய்த்த நாளில் மகள் கைதட்டினாள்.

பிசியோதெரபிப் பெண்ணிடம் ஒருநாள் நேராகவே கேட்டேன்: “ஏம்மா, இப்படி அழுத்தித் தேய்க்கிறதால தழும்பு இளகும்னு நிச்சயமாத் தெரியுமா?” அவள் சப்பைக்கட்டு கட்டவில்லை. தழும்பைத் தேய்ப்பது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, ஆபரேஷன் தழும்புகளில் பலன் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது, மற்றவற்றில் அவ்வளவு இல்லை என்றாள். தசைநாணை நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் முக்கியம், தேய்ப்பது அதற்கு வழிவிடுகிறது என்றாள். அந்த நேர்மையால்தான் எனக்கு அவள் மேல் நம்பிக்கை கூடியது. தழும்பு முதிர்ந்து அடங்க ஒரு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

ஒரு வருடம். இதை மனதில் வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ் கணக்குக்கு வாருங்கள்.

என் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவுக்கு 60 நாள். ஜூலை 11லிருந்து எண்ணினால் செப்டம்பர் 9. இதில் முதல் 40 நாள் ஸ்பிளின்ட்டிலேயே போய்விட்டது. அந்த நாட்களில் வாரம் இரண்டு முறை பிசியோதெரபிக்குப் போய் வந்தது 10 சிட்டிங். தழும்பின் மேல் கைவைத்து வேலை செய்ய அனுமதி கிடைத்தபோது பாக்கி இருந்தது 20 நாளும் 9 சிட்டிங்கும்தான். செப்டம்பர் 8, வெள்ளி, அளவு 3 சென்டிமீட்டர். விரல் இளக ஆரம்பித்த வாரத்தில் பாலிசி கதவைச் சாத்திக்கொண்டது.

சிட்டிங்குக்கு 500 ரூபாய். 19 சிட்டிங்குக்கு 9,500. ஸ்பிளின்ட் 3,200. மொத்தம் 12,700 ரூபாய்க்குப் பில்களைச் சேர்த்து செப்டம்பர் 18 அன்று அனுப்பினேன். 60 நாள் முடிந்த பிறகு எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று பாலிசியில் ஒரு கெடு இருக்கும். பலவற்றில் 15 நாள்தான். அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. வெளிநோயாளி சிகிச்சை பாலிசியில் கிடையாது, கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. போன் செய்தேன். மறுமுனையில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். “மேடம், பில்லுல ‘ஸ்கார் மசாஜ்’னு இருக்கு. மசாஜுக்கெல்லாம் கவரேஜ் இல்ல மேடம்.” எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த ‘மசாஜ்’ முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது அவனுக்கு எப்படித் தெரியும்?

அன்று இரவு மகளும் நானும் பாலிசிப் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்தோம். அவள் பி.காம். இரண்டாம் வருடம். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னாள். டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவுக்கு எழுதியிருந்த நிபந்தனைகள் இரண்டுதான். எந்த நோய்க்காக அல்லது காயத்துக்காகச் சேர்க்கப்பட்டாரோ அதற்கான செலவாக இருக்க வேண்டும். அந்த மருத்துவமனைக் கோரிக்கை ஏற்கப்பட்டிருக்க வேண்டும். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துத் தந்த வரையறை அது. பிசியோதெரபிக்கு நடந்து போய் வந்தால் அது வெளிநோயாளி சிகிச்சை ஆகிவிடும் என்றால், டிஸ்சார்ஜ் ஆன பிறகு செய்கிற எந்தச் சிகிச்சைதான் வெளிநோயாளி சிகிச்சை இல்லை? மகள் இதைக் கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது.

மறுநாள் டாக்டரிடம் போனேன். அவர் முகம் கோணாமல் ஒரு கடிதம் கொடுத்தார். காயம்பட்ட தேதி, ஆபரேஷன் தேதி, எந்தெந்தத் தசைநாண், தழும்பு ஒட்டிக்கொண்டது இதே காயத்தின் விளைவு, அதற்கு வாரம் மூன்று முறை வீதம் 12 வாரம் பிசியோதெரபி அவசியம், டிஸ்சார்ஜ் நாளிலேயே வாய்மொழியாக அறிவுறுத்தப்பட்டது. கீழே கையெழுத்து, பதிவு எண், முத்திரை. பிசியோதெரபிப் பெண் மொத்தமாக எழுதியிருந்த ரசீதை நாள்வாரியாகப் பிரித்து எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே என்ன செய்தது, விரல் எத்தனை டிகிரி மடங்கியது, உள்ளங்கைக்கு எத்தனை சென்டிமீட்டர் என்று இருந்தது. ‘மசாஜ்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘ஆபரேஷனுக்குப் பிந்தைய கை பிசியோதெரபி’ என்று எழுதினாள். செய்த வேலையின் சரியான பெயர் அதுதான்.

எல்லாவற்றையும் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு ஈமெயிலில் அனுப்பி, அதே நாளில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்திலும் புகாரைப் பதிந்தோம். கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் 155255 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் சொல்லலாம். அங்கேயும் நடக்காவிட்டால் சென்னையில் இருக்கிற இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகத்துக்கு எழுதத் தயாராக இருந்தேன். கம்பெனி மறுத்தாலோ, ஒரு மாதம் பதிலே தராவிட்டாலோ அங்கே போகலாம். ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அந்தளவுக்குப் போகவில்லை. இரண்டு வாரத்தில் 9,500 ரூபாய் என் கணக்கில் ஏறியது.

ஸ்பிளின்ட் காசு வரவில்லை. பாலிசியின் பின்பக்கத்தில் கம்பெனி காசு கொடுக்க வேண்டாத 68 பொருட்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. டயப்பர், கழுத்துப்பட்டை இவற்றோடு ஸ்பிளின்ட்டும் அதில் இருக்கிறது. அது இல்லாமல் தைத்த தசைநாண் ஒரு வாரம் தாங்காது. அதைப் படித்தபோது வந்த கோபம் இன்றும் அப்படியே இருக்கிறது. தழும்பின் மேல் ஒட்டுகிற சிலிகான் ஷீட்டுக்கும் கைக்காசுதான்.

செப்டம்பர் 9க்குப் பிறகு தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமைவரை இன்னும் 27 சிட்டிங். 13,500 ரூபாய். அந்த வருடம் தீபாவளி ஆர்டரில் பாதியைத்தான் எடுத்திருந்தேன், அதையும் பக்கத்துத் தெருத் தங்கச்சிதான் வெட்டிக் கொடுத்தாள். காசு கையில் இல்லாத மாதம் அது. நடுவில் ஒரு வாரம் நிறுத்திவிடலாமா என்றுகூடப் பேசினோம். டாக்டரிடம் கேட்டேன். “நிறுத்தினா விரல் இப்படியே நின்னுடலாம். அப்புறம் ஒட்டினதைப் பிரிச்சுவிட இன்னொரு ஆபரேஷன் பண்ண வேண்டி வரும்” என்றார். அந்த ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்றேன். “அட்மிஷன் போடுறதால உண்டு.”

இதை நான் எத்தனை முறை நினைத்துப் பார்த்தும் ஆறவில்லை. கையை மறுபடி அறுப்பதற்குப் பல ஆயிரம் தருவார்கள். அறுக்காமல் காப்பாற்றுகிற 13,500 ரூபாய்க்கு, தேதி தாண்டிவிட்டது என்பார்கள். தழும்பு முதிர ஒரு வருடம் ஆகும் என்பது மருத்துவம் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். பிசியோதெரபி வேண்டிய ஆபரேஷன்களுக்காவது இந்த நாள் கணக்கை நீட்ட வேண்டும். 90 நாள், 180 நாள் தருகிற பாலிசிகளும் இருக்கின்றன. வாங்கும்போது யாரும் அந்த வரியைக் காட்டுவதில்லை. 2024 ஜனவரியிலிருந்து பாலிசியின் முக்கிய விவரங்களை ஒரு சுருக்கத் தாளில் தர வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. கேட்டால் தமிழிலும் தர வேண்டும். கேளுங்கள்.

காசே இல்லை என்றால் அரசு மருத்துவமனைகளின் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே 1971லிருந்து தனிப் பிரிவு நடக்கிறது. வெளியே நடமாட முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்கிறார்கள். எதற்காகவும் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

என் விரல் தீபாவளி வாரத்தில் 1 சென்டிமீட்டருக்கு வந்தது. அடுத்த ஆடியில் அரை சென்டிமீட்டர். அதற்கு மேல் வரவில்லை, கத்தரிக்கோலுக்கு அது போதும். இப்போதும் இரவு படுக்கும் முன் ஐந்து நிமிஷம் தழும்பைத் தேய்க்கிறேன். கிள்ளினால் தூக்க வருகிறது.

போன மாதம் நாத்தனாருக்கு முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன். டிஸ்சார்ஜ் அன்று காலையிலேயே போய்விட்டேன். சம்மரியை வாங்கி மேலிருந்து கீழ்வரை மகளைப் படிக்கச் சொன்னேன். பிசியோதெரபி பற்றி ஒன்றும் இல்லை. நர்ஸிடம் சொன்னேன், டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து வருவார் என்றார். ஆட்டோ கீழே நின்றுகொண்டிருந்தது. நாத்தனார், “வா அண்ணி, அப்புறம் வாங்கிக்கலாம்” என்று இரண்டு தடவை கூப்பிட்டாள். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் வந்தார், பேனாவை எடுத்தார். ‘பிசியோதெரபி, வாரம் மூன்று முறை, 12 வாரம், இதே அறுவை சிகிச்சைக்காக.’ கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியவரை நிறுத்தி, “சார், தேதியும் போட்டுடுங்க” என்றேன்.